இருக்கது போதும்னு நெனச்சா அது சோம்பேறித்தனமா? கிரேக்கக்காரங்க சொன்னத வச்சு ஒரு சந்தேகம்

ஜெராக்ஸ்கடை_பாளை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்ஙன படிச்சிட்டு சத்தமில்லாம போற ஆளு நான், இன்னைக்குதான் மொத மொதல்ல எழுதுதேன், தப்பு இருந்தா பொறுத்துக்கிடுங்க.

பாளையங்கோட்டையில ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். 17 வருசமா அதே வாடகை எடம், ரெண்டு மெசினு, ஒரு கம்ப்யூட்டரு. காலையில குறுக்குத்துறை போயி ஆத்துல ஒரு முங்கு போட்டுட்டு வந்து ஒம்போதரைக்கு ஷட்டர தூக்குனா ராத்திரி எட்டுக்கு எறக்கிருவேன். கடன் கெடையாது. மக ப்ளஸ் ஒன், பையன் ஏழாப்பு.

பிரச்சன என்னன்னா மச்சினன். பைபாஸ்ல ஒரு எடம் வருது, 12 லட்சம் லோன் போட்டு கலர் பிரிண்டு, ஃப்ளெக்ஸ் எல்லாம் வச்சு ரெண்டாவது கடை போடுங்க அத்தான்னு ஆறு மாசமா சொல்லிட்டு கெடக்கான். நான் வேண்டாம்ங்கேன். போன மாசம் ஒரு சடங்கு வீட்டுல பந்தியில வச்சு, "அத்தானுக்கு எல்லாமே போதும், போதும் போதும்னே காலத்த ஓட்டிருவாவ" அப்படின்னான். சிரிச்சிக்கிட்டுதான் சொன்னான், சுத்தி இருந்தவங்களும் சிரிச்சாங்க, எனக்குத்தான் அதுக்குப்பொறவு சோறு எறங்கல.

இது நடந்து நாலு நாள்ல ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தர் கையெழுத்து நோட்ட கொண்டாந்து டைப் அடிச்சுத் தாங்கன்னாவ, 42 பக்கம். டைப் அடிக்கது வேற படிக்கது வேற. வக்கீல் நோட்டீஸ்ல இருந்து ஜாதகம் வரைக்கும் அடிச்சிருக்கேன், ஒண்ணும் மண்டையில ஏறாது, வெரலு அது பாட்டுக்கு போகும். இதுல 11ஆம் பக்கத்துல வெரலு நின்னுட்டு. எபிக்கூரஸ்னு ஒரு கிரேக்க ஆளு, கி.மு. 341ல பொறந்தவரு. ஆசைய மூணா பிரிக்காரு. ஒண்ணு இயற்கையானது, இல்லாம முடியாதது: பசிச்சா சோறு, குளிருக்கு துணி, ஒதுங்க ஒரு கூர, பேச நாலு பேரு. ரெண்டு இயற்கைதான் ஆனா இல்லன்னா சாவ மாட்டோம்: ருசியான சாப்பாடு மாதிரி. மூணாவது ரெண்டும் இல்லாதது, வெறும் நெனப்புல இருந்து வாரது: பேரு, பட்டம், எல்லாரையும் விட பெரிய சொத்து. மொதல் வகை லேசுல கெடச்சிரும், மூணாவதுக்கு கரையே கெடையாதுன்னுட்டாரு. போதும்ங்கது எவனுக்கு கொறச்சலா தெரியுதோ அவனுக்கு எதுவுமே போதாதுன்னு இன்னொரு எடத்துல. இத அடிச்சிட்டு டீ குடிக்க போயிட்டேன், கை ஓடல.

என் சந்தேகம் ரெண்டு. இந்த மாதிரி சொன்ன ஆளுங்களுக்கு புள்ள குட்டி ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் இருந்துச்சா? இல்ல சும்மா மரத்தடியில உக்காந்து சொன்னதா? ரெண்டாவது, மச்சினன் சொல்லுததுல நெசம் இருக்கோன்னு ராத்திரி படுத்தா தோணுது. போதும்ங்கதுக்கும் சோம்பேறித்தனத்துக்கும் கோடு எங்ஙன இருக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

--------

வண்ணாரப்பேட்டை_வாசகன் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. 61 வயசாச்சு, ரிட்டையர் ஆன பொறவு இதுதான் வேலையா படிச்சிட்டு கெடக்கேன், அதனால நீளமா எழுதுனா கோவப்படாதீங்க.

மொதல்ல எபிக்கூரஸ் பத்தி. அவரு பேரச் சொன்னாலே "நல்லா தின்னு, குடி, கும்மாளம் போடு"ங்கிற ஆளுன்னு ஊரு ஒலகத்துல ஒரு நெனப்பு இருக்கு. அது அவரு காலத்துலயே எதிராளிங்க கெளப்பி விட்டது. நெசத்துல மனுசன் சாப்புட்டது ரொட்டியும் தண்ணியும். ஒரு கூட்டாளிக்கு எழுதுதாரு, "சின்னச் சட்டியில கொஞ்சம் சீஸ் அனுப்பி வை, தோணும்போது விருந்து சாப்புட்டுக்கிடுதேன்"னு. நம்மூருல பொறந்திருந்தா 100 கிராம் அல்வா போதும்னிருப்பாரு, எலையில கையில ஒட்டிக்கிட்ட நெய்ய நக்கிட்டு தீவாளி கொண்டாடிட்டேன்னு லெட்டர் போட்டிருப்பாரு. சொகம்னா அவருக்கு ஒடம்புல வலி இல்லாம இருக்கதும் மனசுல சலசலப்பு இல்லாம இருக்கதும்தான். அந்த சலசலப்பு இல்லாத நெலமைக்கு அதராக்சியான்னு பேரு. ஆத்துல சுழிப்பு இல்லாத எடத்துல தண்ணி நிக்கும் பாத்தியளா, அது.

புள்ள குட்டி கேட்டியள்லா. அவரு கல்யாணம் கட்டல, ஆனா மரத்தடி சாமியாரும் இல்ல. கி.மு. 306 வாக்குல ஏதென்ஸ்ல கோட்டை வாசலுக்கு வெளிய ஒரு தோட்டம் வாங்கி கூட்டாளிங்களோட இருந்தாரு. பொம்பளைங்களும் அடிமைங்களும் அங்க சேந்து படிச்சாங்க, அந்தக் காலத்துக்கு அது பெரிய விசயம். லாம்ப்சாகஸ் ஊருல தெமிஸ்தான்னு ஒரு அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் சோடியாவே அவரு ஆளுங்க.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது அவரு எழுதி வச்ச உயில். மெட்ரோடோரஸ்னு ஒரு கூட்டாளி முன்னாடியே செத்துப் போனாரு. அவரு மகளுக்கு வயசு வந்ததும் நல்ல பையனா பாத்து கட்டி வைங்க, சீருக்கு என் சொத்துல இருந்து முடிஞ்சத எடுத்துக் குடுங்க, பையங்கள வளத்து விடுங்கன்னு வரிசையா எழுதுதாரு. நாலு அடிமைங்கள விடுதல பண்ணுதாரு. நம்ம வீட்டு தாத்தா எழுதுன பத்திரம் மாதிரியே இருக்கும் படிச்சா. அடுத்தவன் புள்ளைக்கு சீர் கணக்கு பாத்து வச்ச மனுசன சோம்பேறின்னு எப்படி சொல்ல?

ரெண்டாவது கேள்விக்கு நீங்க எபிக்கூரஸ விட்டுட்டு அரிஸ்டாட்டில் கிட்ட போவணும். அவரு நல்லா வாழுததுக்கு எவுடெமோனியான்னு ஒரு வார்த்தை வச்சிருக்காரு. சந்தோசம்னு சொன்னா பாதிதான் வரும், மொத்த வாழ்க்கையும் நல்லா அமைஞ்சு வாரதுக்கு அந்த பேரு. அது ஒரு நெலம இல்ல, செயல்ங்காரு. ஒருத்தன் எவ்ளோ நல்ல கொணம் உள்ளவனா இருந்தாலும் ஆயுசு பூரா தூங்கிட்டே இருந்தா அவன நல்லா வாழுதான்னு எவனாவது சொல்லுவானான்னு கேக்காரு. ஒலிம்பிக்ல மாலை யாருக்கு? பாக்க அழகா பலமா இருக்கவனுக்கு இல்ல, எறங்கி ஓடுனவனுக்குத்தான். கோடு எங்ஙனன்னு கேட்டதுக்கு அவரு பதிலு இதுதான்னு நான் நெனைக்கேன். உங்ககிட்ட என்ன இருக்குன்னு பாக்காதீங்க, என்ன செஞ்சிட்டு இருக்கியன்னு பாருங்க. 17 வருசம் ஒரு கடைய ஒழுங்கா தொறந்து ஒழுங்கா மூடுதது செயல்தான். ஆனா மச்சினன் பேச்சுக்கு பயந்தோ லோனுக்கு பயந்தோ வேண்டாம்ங்கியளா, இல்ல யோசிச்சு வேண்டாம்ங்கியளா, அத நீங்கதான் பாக்கணும். ரெண்டும் வெளிய இருந்து பாத்தா ஒண்ணு போலத்தான் இருக்கும்.

--------

எலே_மக்கா_77 எழுதியது:

இதெல்லாம் நம்ம ஆளுங்க எப்பவோ சொல்லியாச்சு. போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து. இதுக்கு எதுக்குலே கிரேக்கம்

--------

அம்பாசமுத்திரத்துக்காரி எழுதியது:

பொன் செய்யும் மருந்து சொல்லுத அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி, அந்த பொன்ன எந்தக் கடையில அடகு வைக்கலாம்?

கோவமா சொல்லல, நடந்தது சொல்லுதேன். எங்க மாமனாரு இப்படித்தான். தங்கமான மனுசன், யாரு கிட்டயும் ஒரு வார்த்தை ஏறப் பேச மாட்டாவ, "எனக்கு என்ன கொறச்சல், மூணு வேள சோறு இருக்கு, வாசல்ல வேப்ப மரம் இருக்கு"ம்பாவ. ஊரு பூரா அவியள ஞானிம்பாங்க. அந்த மூணு வேள சோறு எப்படி வந்துச்சுன்னு அத்தைய கேட்டாத்தான் தெரியும். ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்கும்போது வளையல் அடகுக்கு போகும், அறுப்பு முடிஞ்சு திரும்பும், அடுத்த ஜூன்ல மறுபடி போகும். ஒரு வருசம் போனது திரும்பல. மாமனாருக்கு கடைசி வரைக்கும் தெரியாது. அத்தை கையில கண்ணாடி வளையல் கெடந்தத கூட கவனிக்கல அவிய, வேப்ப மரத்த கவனிச்சாவ.

அதனால இந்த மாதிரி தத்துவம் படிச்சா எனக்கு மொதல்ல தோணுதது, அந்த தோட்டத்துல மாவு அரச்சது யாரு, தண்ணி கோருனது யாரு? வாசகன் அண்ணாச்சி சொன்ன அந்த நாலு அடிமைங்களுக்கும் விடுதலை எப்பன்னு பாத்தியளா, மொதலாளி சாவும்போது. அதுவரைக்கும்? அப்புறம் அந்த தோட்டம் ஓசியில வரல, 80 மினா (அந்தக் காலத்து கிரேக்கக் காசுக் கணக்கு) குடுத்து வாங்குனதுன்னு நானும் எங்கயோ படிச்சேன், அப்படின்னா 8000 திராக்மா. சொந்த எடம் இருக்கவன் ரொட்டியும் தண்ணியும் போதும்னு சொல்லலாம். வாடகை எடத்துல கடை வச்சிருக்கவரு, நாளைக்கு ஓனரு காலி பண்ணுன்னா எங்க போவாரு?

அண்ணாச்சி, ரெண்டாவது கடை போடுங்கன்னு நான் சொல்லல. மச்சினன் சொன்னத எழுதுனிய, வாத்தியாரு நோட்ட எழுதுனிய, கிரேக்கக்காரன் சொன்னத எழுதுனிய. மதினி என்ன சொன்னாங்கன்னு ஒரு வரி கூட இல்லயே.

--------

வண்ணாரப்பேட்டை_வாசகன் எழுதியது:

தாயி, சரியான எடத்துல புடிச்சிட்டிய. உயில் சமாச்சாரத்த பெருமையா எழுதுனவனுக்கு அந்த "அதுவரைக்கும்?" ஒறைக்கத்தான் செய்யுது. எபிக்கூரஸுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

அரிஸ்டாட்டில் இத ஒத்துக்கிடுதாரு. கையில ஒண்ணுமே இல்லாம நல்ல காரியம் செய்யது கஷ்டம், கருவி இல்லாம எப்படி வேல பாக்கங்காரு. கூட்டாளி, காசு, நல்ல புள்ளைங்க இதெல்லாமும் வேணும்ங்காரு. ஆனா எவ்ளோ வேணும்ங்கும்போது, கடலையும் நெலத்தையும் ஆளாமலே நல்லபடியா வாழலாம், நடுத்தரமா இருந்தா போதும்ங்காரு. அடிமைத்தனத்த பத்தி அந்த மனுசன் எழுதுனது மோசம், அத மறைக்க வேண்டாம். கொள்ளத கொண்டு தள்ளத தள்ளுததுக்குத்தான் நமக்கு புத்தி குடுத்திருக்கு.

இன்னொண்ணு அவரு சொன்னது நம்மூரு பேச்சு மாதிரியே இருக்கும். கூட்டாளித்தனம் மூணு தினுசு: காரியத்துக்கு பழகுதது, ஜாலிக்கு பழகுதது, கொணத்துக்காக பழகுதது. மூணாவது உடனே வராது, சேந்து உப்பு தின்னாத்தான் ஒருத்தர ஒருத்தர் தெரியும்னு பழமொழி இருக்குன்னு அவரே எழுதுதாரு. உப்ப பத்தி நம்மளும் அதத்தான சொல்லுதோம்! மச்சினன் கூட எத்தன வருசம் உப்பு தின்னுருக்கிய தம்பி? அவன் பேச்சுல கேலி மட்டும்தான் இருந்துச்சா, இல்ல அக்கா வீடு நல்லா இருக்கணும்ங்கிற நெனப்பும் இருந்துச்சா? எனக்கு தெரியாது, கேக்கேன்.

--------

டிக்கெட்_டிக்கெட் எழுதியது:

நான் பஸ்ல கண்டக்டரு, தென்காசி ரூட்டு. படிப்பு ப்ளஸ் டூ தான், ஆனா எபிக்டீட்டஸ்னு இன்னொரு தத்துவக்காரர மட்டும் எனக்கு தெரியும், ஏன்னா ஒரு பிரயாணி சீட்டுல விட்டுட்டு போன சின்ன புஸ்தகம், டிப்போவுல கேக்க யாரும் வரல, நானே வச்சிக்கிட்டேன். (எபிக்கூரஸ் வேற எபிக்டீட்டஸ் வேற, எனக்கே ஒரு வருசம் கொழப்பம் இருந்துச்சு.)

இவரு பொறப்புலயே அடிமை. பொறவு விடுதலையாகி ரோமுல பாடம் எடுத்தாரு, டொமிஷியன்னு ஒரு ராசா தத்துவம் பேசுதவன எல்லாம் வெளிய போன்னு தொரத்துனதும் கிரேக்கத்துல நிக்கோபோலிஸ் ஊருல போயி பள்ளிக்கூடம் நடத்துனாரு. அக்கா கேட்டியள்லா தண்ணி கோருனது யாருன்னு, கோருனவரே பேசுதாரு கேளுங்க. அவரு கையால ஒரு வரி எழுதல, அரியன்னு ஒரு மாணவன்தான் வகுப்புல கேட்டத எழுதி வச்சான். ஜெராக்ஸ்கடை அண்ணே, உங்க ஆளுதான் அவன், அவன் இல்லன்னா நமக்கு ஒண்ணும் கெடச்சிருக்காது.

மொத வரியே, சில விசயம் நம்ம கையில இருக்கு, சில விசயம் நம்ம கையில இல்ல. நம்ம நெனப்பு, நம்ம ஆச, நாம எடுக்க முடிவு இது நம்ம கையில. ஒடம்பு, சொத்து, ஊரு நம்மள பத்தி பேசுதது, பதவி இதெல்லாம் இல்ல. பஸ்ஸு டைமுக்கு கெளம்புதது கூட என் கையில இல்ல அண்ணே, சில்லறை இல்லன்னு கத்துதவன் வாயும் என் கையில இல்ல.

இதுல ஒண்ணு படிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். குளிக்கப் போறதுக்கு முன்னாடி குளிக்க எடத்துல என்ன நடக்கும்னு நெனச்சுப் பாத்துக்கங்காரு. ஒருத்தன் தண்ணிய அடிப்பான், ஒருத்தன் இடிப்பான், ஒருத்தன் ஏசுவான், ஒருத்தன் களவாங்குவான். குளிக்கணும், கூடவே மனசையும் கெடாம வச்சுக்கிடணும்னு சொல்லிட்டுப் போங்காரு. எலேய் இவன் குத்தாலம் வந்திருக்கான்லே அப்படின்னு கத்திட்டேன் டிப்போவுல. சீசன்ல ஞாயித்துக்கெழம மெயின் அருவியில நின்னு பாருங்க, அப்படியே ஒண்ணு விடாம நடக்கும். போன சீசன்ல குளிச்சிட்டு வந்து பாத்தா செருப்பக் காணும், புது செருப்பு, ஒரு தடவதான் போட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வெறுங்கால், தாரு ரோடு கொதிக்கி, வாய்க்கு வந்தத ஏசிக்கிட்டே நடக்கேன், பாதி வழியில இவரு ஞாபகம் வந்துட்டு. இவரு வீட்டுலயும் இரும்பு வெளக்கு ஒண்ணு களவு போச்சு. சரி, நாளைக்கு மண்ணு வெளக்கு வாங்கிக்கிடலாம்னாரு, அவ்ளோதான். அவரு செத்த பொறவு அந்த மண்ணு வெளக்க ஒருத்தன் 3000 திராக்மா குடுத்து வாங்குனானாம், வெளக்க வாங்குனா அறிவு வந்துரும்னு நெனச்சிருக்கான் கூறு கெட்ட பய. நான் 120 ரூவாய்க்கு ரப்பர் செருப்பு வாங்கிட்டு வீட்டுக்கு போனேன். அண்ணே கால் சுட்டதென்னமோ நெசம், தத்துவம் அத தடுக்கல.

பந்தியில மச்சினன் பேசுனான்னு சொன்னிய, பந்திக்கும் ஒண்ணு வச்சிருக்காரு. வாழ்க்கையில விருந்துல உக்காந்த மாதிரி நடந்துக்க. சுத்தி வருத பதார்த்தம் உன்கிட்ட வந்தா கைய நீட்டி அளவா எடு. தாண்டிப் போச்சா, புடிச்சி இழுக்காத. இன்னும் வரலியா, எட்டிப் பாத்து ஏங்காத. பொண்டாட்டி புள்ள பதவி பணம் எல்லாத்துக்கும் அதே கணக்குங்காரு. மறுவீட்டு விருந்துல சொதி வாளி ரெண்டு எலை தள்ளி வரும்போதே சோத்துல குழி வச்சுட்டு காத்திருக்க ஆளு நான், எனக்கு இது கஷ்டம்தான். ஆனா கவனிங்க, வந்தா வேண்டாம்னு சொல்லச் சொல்லல. அளவா எடுங்காரு. பைபாஸ் கடை உங்க எலைக்கு வந்த சொதியா, பக்கத்து எலைக்கு போறதான்னு தெரிஞ்சிக்கிடணும்.

--------

எலே_மக்கா_77 எழுதியது:

சரிலே, குத்தாலம் மேட்டரு சூப்பரு. ஒத்துக்கிடுதேன்

--------

ஜெராக்ஸ்கடை_பாளை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு நாளு கழிச்சு வாரேன், மன்னிக்கணும். ஒரு சாயங்காலம் பூரா கரண்டு இல்ல, அது வேற.

அம்பாசமுத்திரத்து அக்கா எழுதுனத படிச்சிட்டு கொஞ்ச நேரம் மூஞ்சி சுருங்கிப் போச்சு. நெசமாவே நான் வீட்டுல கேக்கல. மச்சினன் சொன்னத அவகிட்ட வந்து புலம்புனேன், அவ என்ன நெனைக்கான்னு கேக்கல. வாசகன் அண்ணாச்சி பயந்து வேண்டாம்ங்கியளா யோசிச்சு வேண்டாம்ங்கியளான்னு கேட்டதும் குத்திச்சு, ஏன்னா எங்க அப்பா கடன்ல சிக்கி சீரழிஞ்சத சின்ன வயசுல பாத்தவன் நான், லோன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தாலே வயிறு கலங்கும். அதுக்கு மேல யோசிச்சதே இல்ல.

கரண்டு இல்லாத அன்னைக்குதான் வீட்டுல மெழுகுவத்தி வச்சு உக்காந்தோம். கடையில இருந்து வேஸ்ட் ஏ4 ரெண்டு எடுத்துட்டு போயிருந்தேன், பின்பக்கம் எபிக்கூரஸ் சொன்ன மூணு வகை ஆசைக்கு மூணு கட்டம் போட்டு ஆளுக்கு ஒண்ணு, பாத்து எழுதக் கூடாதுன்னு பேச்சு. நான் மொதல் கட்டத்துல சோறு, வாடகை, ஃபீஸ், ஆத்துக் குளியல்னு எழுதுனேன் (குளியல் மொதல் கட்டமா ரெண்டாவதான்னு சண்ட வந்துச்சு, விட்டுக் குடுக்கல). ரெண்டாவது கடைய மூணாவதுல போட்டேன். அவ பேப்பர பாத்தா மொதல் கட்டத்துல "மக காலேஜ் 4 வருசம், ஹாஸ்டல்"னு எழுதி பக்கத்துல தொகையும் போட்டிருக்கா, எனக்கு தெரியாம யாரு கிட்டயோ விசாரிச்சே வச்சிருக்கா. அந்த தொகைக்கு இப்ப இருக்க கடை பத்தாது. கூட்டிப் பாத்தேன், ரெண்டு தடவ.

ஆனா அவளும் பைபாஸ் கடைய மொதல் கட்டத்துல எழுதல. ரெண்டாவதுலயும் இல்ல. மூணாவது கட்டத்துல ஒண்ணே ஒண்ணுதான் எழுதியிருந்தா, "எந் தம்பி வாய்". சிரிச்சு சிரிச்சு மெழுகுவத்தி அணஞ்சு போச்சு.

இப்ப என்னன்னா, இருக்க கடையிலேயே ஒரு கலர் பிரிண்டரு மட்டும் போடலாம்னு பேச்சு, பழைய மெசின் ஒண்ண வித்துட்டு மீதிக்கு அவ சீட்டு போட்டு வச்சிருக்க காசு. ஞாயித்துக்கெழமயும் மத்தியானம் வரைக்கும் தொறக்கணும். மச்சினன்கிட்டயே மெசினு பாக்க கூட வான்னு கேட்டேன், அவனுக்குதான் அதுல வெவரம் தெரியும். உடனே சரின்னுட்டான், நான் எதிர்பாக்கல.

டிக்கெட் தம்பி, அந்த அரியன் சமாச்சாரத்த வாத்தியார்கிட்ட சொன்னேன், சந்தோசமாயிட்டாவ. அவிய பதிலுக்கு ஒண்ணு சொன்னாவ, இப்ப துருக்கியில இருக்க ஒயினோவாண்டாங்கிற ஊருல கி.பி. ரெண்டாம் நூற்றாண்டுல டயோஜெனிஸ்னு ஒரு வயசாளி, எபிக்கூரஸ் சொன்னத எல்லாம் ஒரு பெரிய சொவத்துல கல்லுல வெட்டி வச்சாராம், வெளியூருக்காரன் போற வாரவன் எல்லாரும் படிச்சு பயனடையட்டும்னு. ஒடஞ்ச கல்லா இன்னும் கெடைச்சிட்டு இருக்காம். எத்தன காப்பி வேணும்னு கேக்காம மனுசன் செவுத்துலயே போட்டுட்டாரு, அதுவும் ஓசியில.

நோட்டுல இன்னும் 14 பக்கம் பாக்கி. அடுத்தது சாவு பத்தின பக்கம்னு சொன்னாவ, அவிய கையெழுத்து அதுல இன்னும் மோசமா இருக்கு. கடையில ஆள் வந்துட்டாங்க, ஆதார் கார்டு ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வேணுமாம், பொறவு வாரேன்.